மின்சாரம் போனால் ஃபர்னஸும் நிற்கும்: ரொறன்ரோ உறைமழைக்கும் காற்றுக்கும் முன்னேற்பாடு

எங்கள் வீட்டைச் சூடாக்குவது எரிவாயு ஃபர்னஸ்தானே, மின்சாரம் போனாலும் சூடு இருக்கும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். இருக்காது. எரிவாயு வந்துகொண்டிருந்தாலும், அதைப் பற்றவைக்கும் மின்பலகைக்கும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. நத்தார் கழிந்த பிறகும் சில வீடுகள் இருட்டில் கிடந்தன. அதனால் சூடு இல்லாமல் மூன்று நாள் சமாளிக்க முடியுமா என்பதை வைத்தே ஆயத்தம் செய்யுங்கள்.

உறைமழை விழும்போது தண்ணீராகத்தான் விழும். 0 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் கொப்பிலும் கம்பியிலும் பட்டதும் ஐஸாகப் படியும். அந்தப் பாரத்தோடு நிற்கும் கொப்பை முறிக்கப் புயற்காற்றுத் தேவையில்லை, நடுத்தரக் காற்றே போதும். ஆகவே முன்னறிவிப்பில் மழை நிற்கும் நேரத்தை மட்டும் பார்க்காமல், அதன் பின் காற்று எப்படி என்பதையும் பாருங்கள். காரை மரத்தடியில் விடாதீர்கள். வீட்டுக்கூரையைத் தொடும் கொப்புகளை இலையுதிர் காலத்திலேயே வெட்டிவிடுங்கள்; மின்கம்பிக்கு அருகில் இருப்பதை நீங்கள் தொடக் கூடாது, மின்சார நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ஒக்டோபரிலேயே முடிக்க வேண்டிய வேலை வெளிக் குழாய். ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்ட் கூரைப்பக்கம் அந்தக் குழாய்க்குப் போகும் வால்வை மூடி, வெளியே குழாயைத் திறந்து விடுங்கள். வால்வின் பக்கத்தில் சிறிய மூடி ஒன்று இருந்தால், கீழே வாளி வைத்து அதைத் திருகி மிச்சத் தண்ணீரையும் வடியுங்கள். தண்ணீர் உறைந்து விரிந்தால் சுவருக்குள்ளேயே குழாய் வெடிக்கும். ஐஸ் உருகும் வரைக்கும் ஒன்றும் தெரியாது, பிறகுதான் பேஸ்மென்ட் நனையும்.

வீட்டுக்கு வரும் தண்ணீரின் பிரதான வால்வு எங்கே என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டுங்கள். இறுகிப்போயிருக்கிறதா என்று இப்போதே திருகிப் பாருங்கள்.

குடிக்க ஆளுக்கு நாளுக்கு 2 லீற்றர் தண்ணீர், சமையலுக்கும் கழுவவும் இன்னொரு 2 லீற்றர் என்று மூன்று நாளுக்குச் சேமியுங்கள். அடுப்பு வேண்டாத சாப்பாடு, கையால் திறக்கும் ரின் திறப்பான், டோர்ச், பவர் பேங்க், மருந்துகள் ஒரே பெட்டியில் இருக்கட்டும். ஒக்சிசன் இயந்திரம் போன்றவற்றை நம்பியிருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், எங்கே கொண்டுபோவது என்று முன்பே தீர்மானியுங்கள்.

படிக்கட்டுக்குச் சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 10 பாகை வரைதான் பயன்படும். அதற்குக் கீழே கல்சியம் குளோரைட் வாங்குங்கள், அல்லது மணல் தூவுங்கள். மணல் ஐஸை உருக்காது, ஆனால் கால் வழுக்காது.

மின்சாரம் போன பிறகு எல்லோரும் ஒரே அறையில் இருங்கள். கதவிடுக்கைத் துவாயால் அடையுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பு, பார்பிக்யூ, காம்பிங் ஸ்டோவ் எதையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ பற்றவைக்க வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தலைவலி, வாந்தி என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. ஜெனரேட்டர் ஜன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி வெளியே நிற்க வேண்டும். பற்றரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வைத்திருங்கள். சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் ஃபர்னஸின் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடாமல் பாருங்கள். மூடினால் மின்சாரம் இருந்தும் ஃபர்னஸ் நின்றுவிடும்.

திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. சாப்பாட்டைப் பல்கனியில் வைப்பதைவிட, போத்தல்களில் தண்ணீரை முக்கால்வாசி நிரப்பி வெளியே உறைய வைத்து ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். வெயில் பட்டால் வெளியே வைத்த இறைச்சி பழுதாகும்.

வீட்டுக்குள்ளும் தண்ணீர் உறையும் நிலை வந்தால் முதலில் வெந்நீர்த் தொட்டியின் எரிவாயுவையோ, மின்சாரத் தொட்டியானால் அதன் பிரேக்கரையோ நிறுத்துங்கள். பிறகு பிரதான வால்வை மூடி, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டு, கழிப்பறைத் தொட்டிகளையும் ஃபிளஷ் செய்யுங்கள்.

அறுந்து விழுந்த கம்பியிலிருந்து 10 மீற்றர் தள்ளி நின்று 911க்கு அழையுங்கள்.

மின்சாரம் திரும்பியதும் முதலில் ஃபர்னஸை மட்டும் ஓட விடுங்கள். தண்ணீரை வடித்திருந்தால், வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் தொட்டியின் பிரேக்கரைப் போட வேண்டும். வெறுமையாக இருக்கும்போது போட்டால் உள்ளிருக்கும் சூடாக்கும் கம்பி எரிந்துவிடும்.