தோட்டத்துக் குளத்தில் டெரபின்: நிழல், வடிகால், வேலி

முதலில் சட்டம். நட்சத்திர ஆமை, சுல்காட்டா போன்ற நில ஆமைகளைச் சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. 'குட்டி இருக்கு, மலிவா தர்றேன்' என்று யாராவது செய்தி அனுப்பினால் அது பெரும்பாலும் கடத்தி வந்ததாகத்தான் இருக்கும். நட்சத்திர ஆமை 2019 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடுவிட்டு நாடு கொண்டுபோய் விற்க அனுமதியே இல்லை. செல்லப்பிராணிக் கடையில் முறையாகக் கிடைப்பது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள டெரபின் என்ற நன்னீர் ஆமை. ரெட் இயர்ட் ஸ்லைடர் என்பது அதன் முழுப்பெயர். இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

கடையில் தீப்பெட்டி அளவில் இருப்பது, பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. ஓட்டுக்கு வளரும். ஆண் கொஞ்சம் சிறியது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருடம் வாழும். வளர்ந்த பிறகு பாரமாகத் தெரிந்தால் நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விடுவது குற்றம். புண்ணியம் என்று உயிர்களை விடுவிக்கும் வழக்கமுள்ள விசாகத் தினத்தையொட்டி தேசியப் பூங்காக் கழகம் நீர்நிலைகளில் ஆள் போட்டுக் கண்காணிப்பதும் இதற்காகத்தான்.

வெளியே வளர்க்கத் தரைவீட்டுத் தோட்டமோ கீழ்த்தளத்தில் சொந்த முற்றமோ வேண்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பொது நடைபாதையில் தொட்டி வைப்பது சரிவராது.

குளம்

ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது பழைய கணக்கு. முழு வளர்ச்சியடைந்த ஒரு பெண்ணுக்கு 400 லிட்டருக்குக் குறையக் கூடாது. 500 லிட்டர் ஃபைபர் தொட்டி வாங்கிவிட்டால் பின்னால் மாற்ற வேண்டியிருக்காது. ஆழம் 50 முதல் 60 செ.மீ. இருக்கட்டும். ஆழமில்லாத கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் தண்ணீர் கொதிக்காத குறைதான். தொட்டியைப் பாதியளவு மண்ணில் புதைத்தால் சூடு நன்றாகக் குறையும்.

குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். அவற்றை இங்கே தாண்டிவிடலாம். நம் ஊரில் சிக்கல் சூடுதான். பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீரில் வெப்பமானி போட்டுப் பாருங்கள். 25 முதல் 30 பாகை செல்சியஸ் நல்லது. நாள்தோறும் 32-ஐத் தாண்டினால் நிழல் போதவில்லை என்று பொருள். அப்போது ஐஸ்கட்டி கொட்டாதீர்கள். நிழலைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத்தண்ணீர் சேருங்கள்.

நிழல் கணக்கில் பலரும் தவறுவது இரண்டு இடங்களில். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு, ஆகவே 11.30 முதல் 3.30 வரை குளத்தில் பாதிக்கு மேல் நிழலில் இருக்க வேண்டும். இன்னொன்று, பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜூனில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும், டிசம்பரில் தெற்கிலிருந்து. டிசம்பரில் தெற்குச் சுவரை நம்பி இடம் பார்த்து வைத்த குளம் ஜூனில் முழு வெயிலில் கிடக்கும். தலைக்கு மேலே நிழல்வலை கட்டுவதுதான் ஆண்டு முழுதும் உதவும்.

அதற்காக வெயிலை அடியோடு மறைத்துவிடக் கூடாது. ஓடு கெட்டிப்பட கால்சியம் வேண்டும், கால்சியம் உடலில் சேர வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். கண்ணாடியும் பாலிகார்பனேட் கூரையும் வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. காலை 8 முதல் 11 வரை நேர்வெயில் படும் மூலையில் குளியல் மேடை அமையுங்கள்.

மேடை

தட்டையான பலகை, 40-க்கு 30 செ.மீ., தண்ணீருக்கு மேலே முழுக்க உலர்ந்து நிற்க வேண்டும். ஏறும் சரிவு 30 பாகைக்குள் இருக்கட்டும். அதன் கீழ்முனை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கட்டும், நீந்தி வரும் ஆமை அதில் முன்காலை ஊன்றித்தான் மேலேறும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் நகம் பிடிக்காது. ஏறி ஏறிச் சறுக்கினால் பிறகு ஏறவே முயலாது. ஓடு காயாமல் பூஞ்சை பிடிக்கும். சொரசொரப்பான மரம் நல்லது, ரசாயனம் ஏற்றிய மரம் வேண்டாம். உலோகத் தகடு சூடேறி அடியோட்டைச் சுடும். மேடை சரியாக அமைந்ததா என்று ஆமையே காட்டிவிடும்: காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்து, கழுத்தை முழுதாக வெளியே நீட்டிக் கிடக்கும். எந்நேரமும் காலை உள்ளிழுத்துக்கொண்டே கிடந்தால் எதற்கோ பயப்படுகிறது, மேடையை ஒரு செடியின் மறைவுக்கு நகர்த்துங்கள்.

தண்ணீர்

டெரபின் ஒரே அளவு மீனைவிடப் பல மடங்கு கழிவு போடும். 500 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 1,000 முதல் 1,500 லிட்டர் ஓடும் குளத்து ஃபில்டர் போடுங்கள். மின்கசிவு தடுப்பான் உள்ள இணைப்பில், மழை படாத மூடியுள்ள பிளக்கில்தான் மாட்ட வேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு. ஒரு இரவு பிடித்து வைத்தால் குளோரின் போவதைப் போல அது போகாது. ஆமை காற்றைச் சுவாசிப்பதால் அதற்குப் பெரிய கேடில்லை, ஆனால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் செத்துவிடும். மீன்கடையில் விற்கும் குளோரமின் நீக்கியைச் சேருங்கள். ஃபில்டர் பஞ்சையும் குழாயில் கழுவாமல், எடுத்த குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள்.

எடுத்த அழுக்குத் தண்ணீரை லோங்காங்கில் (தெருவோர மழைநீர்க் கால்வாயில்) கொட்டாதீர்கள், அது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. செம்பருத்திக்கு ஊற்றலாம். கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் வேண்டாம்: டெரபினில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அதே காரணத்தால் சமையலறைத் தொட்டியில் குளத்துச் சாமான் எதையும் கழுவக் கூடாது, தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மழைதான் எதிர்பாராத வழியில் ஆமையைக் கொண்டுபோகும். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பினால் ஆமை விளிம்பில் ஏறி, அடுத்த நிமிடம் வடிகாலில் இருக்கும். விளிம்புக்கு 15 செ.மீ. கீழே வழிந்தோடும் குழாய் ஒன்று போட்டு, வாயில் வலை கட்டுங்கள். இலை அடைத்தால் குழாய் இருந்தும் பயனில்லை, ஆகவே இரண்டு குழாய் நல்லது.

கொசுவை மறக்கவே முடியாது. ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து புழு கண்டால் அபராதம். ஓடும் தண்ணீரில் முட்டை அரிது. தேங்குவது மேடையின் அடிப்பள்ளம், செங்கல் துளை, நிழல்வலையின் மடிப்பு, பூந்தொட்டித் தட்டு போன்ற இடங்களில். அவற்றை வாரம் இருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்னும். சிலவற்றை ஆமை தின்றாலும் கப்பி பெருகும். பக்கத்தில் புகையடிக்க வந்தால் குளத்தை மூடிவைத்து ஆமையை வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அந்த மருந்தால் கப்பி முதலில் சாகும்.

வேலி

வேலி 45 செ.மீ. உயரம், 25 செ.மீ. மண்ணுக்குள், மேல்விளிம்பு உள்நோக்கி 10 செ.மீ. மடிந்திருக்க வேண்டும். உள்ளிருந்து பார்த்தால் வெளிப்புறம் தெரியாத பலகையாக இருக்கட்டும். கம்பி வலை என்றால் ஆமை அதில் கால்வைத்து ஏறும், வெளியைப் பார்த்து முட்டி மூக்கைத் தேய்த்துக்கொள்ளும்.

மேலே மூடி கட்டாயம். உடும்பு, காகம், பூனை, மலைப்பாம்பு எல்லாம் வீட்டுப் பக்கம் வருகின்றன. கொய் மீன் குளங்களைக் காலி செய்யும் நீர்நாய்க் கூட்டம் டெரபினையும் விடாது, மெல்லிய கோழிவலை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 12 மி.மீ. கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையைச் சட்டத்தில் ஆணியடித்து, கொண்டியும் பூட்டும் போடுங்கள்.

ஒரு ஆமை தனியாக இருந்தாலே போதும், துணை இல்லை என்று வாடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஆண் விடாமல் துரத்தும். தனியாக இருக்கும் பெண்ணும் முட்டையிடும். சாப்பிடாமல், பின்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தால் அதுதான். 60-க்கு 60 செ.மீ. இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு மணலும் தோட்ட மண்ணும் பாதிப்பாதி கலந்து ஈரமாக வையுங்கள். இடமில்லாவிட்டால் முட்டையை அடக்கிவைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

தீனி

குட்டிக்குத் தினமும், பெரியதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் தலையளவு டெரபின் உருண்டைத் தீனி. இடையில் கங்கோங், சாய்சிம் கீரைகள், குளத்துப் பாசி மாற்றி மாற்றி. பசலை, முளைக்கீரை அடிக்கடி வேண்டாம், அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கடையில் தரும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். சோறும் ரொட்டியும் கூடாது. பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓடு ஒன்றை மிதக்கவிடுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு: நுரையீரல் நோய், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டில் மெத்தென்ற இடமும் நாற்றமும் ஓட்டழுகல். வளர்ந்த ஆமையின் ஓடு அழுத்தினால் வளைந்தால் கால்சியமோ வெயிலோ போதவில்லை. எல்லா மருத்துவமனையும் ஆமை பார்ப்பதில்லை, முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது தண்ணீர் வேண்டாம். ஈரத்துண்டு விரித்து, மூடியில் துளையிட்ட டப்பா போதும்.