பனியில் பெயர் சொல்லும் வாக்கி டாக்கி: தேர்ந்தெடுப்பதும் தமிழ்க் குரல் ஏற்றுவதும்

கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பா பழைய ஹாம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்). கண்ணில் நீர் அழுத்தம் வந்த பிறகு செட்டின் திரையில் அவருக்கு எழுத்தே தெரிவதில்லை. "குமிழைத் திருகினா எந்தச் சேனல்னு அதுவே சொல்லணும்டா, அதுவும் தமிழ்ல" என்றார். இரண்டு செட் வாங்கி, ஒன்றைத் திருப்பி அனுப்பி, மூன்று வாரம் மண்டை காய்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் உரிமம். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹாம் அலைவரிசையில் (இங்கே 2 மீட்டர் என்றால் 144–146 மெகாஹெர்ட்ஸ்) பேச வியூ2 (VU2) அல்லது வியூ3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி வேண்டும். தோட்ட வேலை, கடை, லாட்ஜ் போன்ற தொழில் பேச்சுக்கு அது ஆகாது. உரிமம் இல்லாதவர்களுக்கு 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திச் செட்டுகள் உண்டு. அதற்கும் அரசின் வகை ஒப்புதல் பெற்ற செட்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் கிடைப்பதெல்லாம் சட்டப்படி சரி என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, வாட். மலையில் வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் ஒரு முகடு நின்றுவிட்டால் ஐந்து வாட் செட்டும் ஒரு வாட் செட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலு தேயிலை வரிசை மேலே ஏறி நின்று பாருங்கள், அதுதான் பலன் தரும். இன்னொன்று, அனலாகில் தூரம் போகப் போக இரைச்சல் கூடும், 'விட்டுப்போகப் போகிறது' என்று காதுக்கே தெரியும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் குரல் உடைந்து, அப்புறம் ஒன்றுமே இருக்காது. அதனால் டிஎம்ஆர் (ஒரு டிஜிட்டல் முறை), அனலாக் இரண்டும் உள்ள செட்டைத்தான் சொல்வேன். மழைக்கு ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரக் குறியீடு) இருக்கட்டும். ஐபி54 என்பது தூறலுக்குத்தான், ஆடி மாதத்துக் கூடலூருக்கு இல்லை.

இனி நான் கோட்டை விட்ட இடம். விற்பவர்கள் எல்லோரும் 'வாய்ஸ் அறிவிப்பு உண்டு' என்பார்கள். அதில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் ஆங்கில, சீனக் குரல். அதை மாற்றவே முடியாது. நான் திருப்பி அனுப்பியது இந்த வகை. இரண்டாவது, சேனல் பெயரை எழுத்தெழுத்தாக வாசிப்பது. ஹாம் செட்டுகள் சிலவற்றில் போடும் ஓப்பன்ஜிடி77 என்ற இலவச ஃபர்ம்வேர் (செட்டுக்குள் ஓடும் மென்பொருள்) அப்படித்தான் தொடங்குகிறது. பார்வையில்லாத ஹாம்களுக்கு அது பெரிய உதவி, ஆனால் "கே, ஓ, டி, ஏ" என்று கேட்க சித்தப்பாவுக்குப் பொறுமை கிடையாது. மூன்றாவது, நாம் பதிவு செய்த ஒலிக்கோப்பை ஒவ்வொரு சேனலுக்கும் கட்டுவது. மோட்டோரோலாவின் மோட்டோடர்போ வரிசையில் இந்த வசதி உண்டு, மாடலுக்கு மாடல் மாறும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் சொந்தக் குரலை ஏற்ற முடியுமா? அதற்கான மென்பொருள் கையில் கிடைக்குமா?" பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள்.

குமிழையும் திருகிப் பாருங்கள். முடிவில்லாமல் சுற்றும் குமிழ் எனக்குப் பிடிக்காது. 16 நிலையோடு இரண்டு பக்கமும் முட்டி நிற்பதுதான் நல்லது. கடைசி வரை இடப்பக்கம் திருகிவிட்டு 'டிக், டிக்' என்று எண்ணிக்கொள்ளலாம். குரல் ஒரு நாள் கைவிட்டாலும் விரல் கைவிடாது.

இப்போது பதிவு. செட்டின் பழைய கோட்ப்ளக்கை (சேனல்களும் அமைப்புகளும் அடங்கிய கோப்பு) முதலில் கணினிக்கு வாசித்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒவ்வொரு சேனல் பெயரையும் சொல்லிப் பதிந்து, என் செட் கேட்டபடி 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாகச் சேமித்தேன். ஏற்றிக் கொடுத்தேன். சித்தப்பா இரண்டு முறை திருகிவிட்டு, "என்னடா, ரெண்டும் ஒண்ணாவே கேக்குது?" என்றார்.

என் சேனல் பெயர்கள் கட்டபெட்டு, தொட்டபெட்டா. செட்டின் ஒலிபெருக்கி விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகிறது, அந்தக் கணத்தில் முதல் எழுத்தை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது 'ட்டபெட்டு', 'ட்டபெட்டா'. பனியில், காற்றில், யாருக்கு வித்தியாசம் தெரியும்? இரண்டு நாள் மைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். தீர்வு எளிது: ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் கால் விநாடி மௌனம் சேர்க்க வேண்டும். அதோடு பெயருக்கு முன்னால் எண்ணும் வையுங்கள்: "ரெண்டு, கட்டபெட்டு", "அஞ்சு, தொட்டபெட்டா". மொத்தம் ஒன்றரை விநாடிக்குள் முடியட்டும். "வணக்கம், நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது" என்றெல்லாம் இழுத்தால் மூன்றாம் நாளே அணைத்துவிடுவீர்கள்.

ஏற்றிய பிறகு எதிர்முனையில் சத்தமே வரவில்லையா? குரல்கோப்பைச் சந்தேகப்பட வேண்டாம். இரண்டு செட்டிலும் கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக் குரூப் என்ற மூன்று டிஎம்ஆர் அமைப்புகளும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று பிசகினாலும் டிஎம்ஆர் செட் வாயே திறக்காமல் போகலாம்.

பின்சேர்க்கை: 'அறிவிப்பு மட்டும் ஏன் இவ்வளவு சத்தம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் நடந்தது. காலையில் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் பத்தடி முன்னால் காட்டுமாடு ஒன்று நின்றிருந்தது. ஒலியைக் குறைக்கலாம் என்று குமிழைத் தொட்டேன். கை தவறி சேனல் குமிழில் பட்டு, "அஞ்சு, தொட்டபெட்டா!" என்று என் குரலே அலறியது. மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது, என் புண்ணியம். சில செட்டுகளில் அறிவிப்பின் ஒலி அளவு மென்பொருளில் தனி அமைப்பாக இருக்கும், அதை அங்கேதான் குறைக்க வேண்டும். சித்தப்பாவின் செட்டில் அதைப் பேச்சைவிட இரண்டு படி கீழே வைத்திருக்கிறேன்.