கடல் சிலந்தியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்தின் உவரி, இடிந்தகரை, கூத்தங்குழிக் கரைகளில் கடல் சிலந்தியை, அதாவது சிலந்தி போல நீண்ட கால்கள் கொண்ட சிறு கடலுயிரை, பார்க்க நினைப்பவர்கள் வெறும் மணலைக் கிளறிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். அது தன் இரையின் மேலேயே குடியிருக்கும் உயிர். கல்லிலும் கயிற்றிலும் பழுப்புப் பாசி மாதிரிப் படர்ந்திருக்கும் ஹைட்ராய்டு என்ற சிற்றுயிர்க் கூட்டங்களைத்தான் பெரும்பாலும் உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே கடல்நீர் வற்றி இறங்கும் நேரம் பார்த்துப் போய், தூண்டில் வளைவுக் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய கல் தடுப்பு) கற்களின் நிழல் பக்கத்தையும் நெடுநாள் தண்ணீரில் கிடந்த கயிறுகளையும் பாருங்கள். ஒரு சிறு கொத்தை மட்டும் எடுத்து, கடல்நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் வைத்துப் பொறுமையாக இருங்கள். நூல் துணுக்கு போல ஒன்று மெல்ல நகரும்.

அடுத்த தவறு, சிலந்தியின் வயிற்றை அதில் தேடுவது. இதன் உடல் ஒரு குச்சி அளவுதான். வயிற்றுப் பகுதி ஒரு சிறு முளையாகச் சுருங்கிவிட்டது. குடல் கிளைவிட்டுக் கால்களுக்குள் ஓடுகிறது, முட்டைகளும் கால்களில்தான் முதிர்கின்றன. செவுளும் இல்லை, நுரையீரலும் இல்லை. மூச்சு தோல் வழியாகவே. இடுக்கியால் காலைப் பிடித்துத் தூக்குகிறவர், அதன் குடலையும் சினையையும் சேர்த்து நசுக்குகிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மென்மையான தூரிகை போதும். தட்டை வெயிலில் விடவும் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது.

அடையாளம் காண்பதிலும் தடுமாற்றம் வரும். எண்டெய்ஸ் மோலிஸ் என்ற ஆழமற்ற நீர் இனத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பார்களின் ஆய்வில் கிடைத்தவற்றைக் கொண்டு 1904-இல் விலங்கியலாளர் கார்ப்பென்டர் விவரித்தது. வளர்ந்த எண்டெய்ஸுக்கு முகத்தில் இடுக்கிகளும் கிடையாது, உணர்கொம்புகளும் கிடையாது. நீண்ட உறிஞ்சுகுழல் மட்டுமே. இதைப் பார்த்து ‘உறுப்பு ஒடிந்துபோன உயிர்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அதேபோல், கால் எட்டு இருந்தால்தான் கடல் சிலந்தி என்றும் முடிவுகட்ட வேண்டாம். பத்து, பன்னிரண்டு கால் உள்ள கடல் சிலந்திகளும் உலகில் உண்டு.

முட்டை உருண்டையைச் சுமந்தால் பெண் என்று எழுதுவதும் தவறு. சுமப்பது ஆண். எண்டெய்ஸில் அதற்கான தனிக் கால்கள் ஆணுக்கு மட்டுமே இருக்கின்றன.

கடிக்குமோ என்ற பயம் வேண்டாம், மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் பவளத்தை உடைத்துத் தேடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். புரட்டிய கல்லை அதே முகமாகத் திருப்பி வையுங்கள். பார்த்து முடித்ததும் கொத்தோடு சேர்த்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேறிடத்தில் விட்டால் அதற்கு இரை கிடைக்காமல் போகலாம்.