சாக்கடை மனுவிலிருந்து மாமன்றம் வரை: சேலத்தில் கவுன்சிலர் தேர்தலுக்குத் தயாராவது எப்படி?

தெருவில் தண்ணீர் வரவில்லை என்றாலும் குப்பை வண்டி வரவில்லை என்றாலும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். "பேசாம நீங்களே கவுன்சிலருக்கு நில்லுங்க" என்று யாரோ பாதி விளையாட்டாகச் சொல்லியும் இருப்பார்கள். அதை நிஜமாகவே யோசிப்பவர்களுக்கு இந்தப் பதிவு. சேலத்தில் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற மாமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. போஸ்டர் ஒட்டுவதைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள முதல் இரண்டு வேலைகளை அப்படித் தள்ளிப்போட முடியாது.

1. வார்டை நடந்து பாருங்கள்

மாநகராட்சியில் 60 வார்டுகள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வகுத்துப் பார்த்தால் வார்டுக்குச் சராசரியாக 14,000 பேருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேறு வார்டு என்பதெல்லாம் சகஜம்; எல்லை தெரியாமல் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். (மலைமேல் ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வழியே வேறு. அங்கே ஊராட்சி, கிராம சபையில் தொடங்க வேண்டும்.)

2. மனு எழுதப் பழகுங்கள்

இதுதான் முக்கியமான பாடம். "எங்கள் பகுதியில் சாக்கடை சரியில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அது ஃபைலில் படுத்துத் தூங்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன மண்டலம், இன்ன வார்டு, இன்ன தெருவில் ரேஷன் கடை முதல் தெருமுனை வரை சுமார் 40 அடிக்குச் சாக்கடைமேல் மூடி இல்லை. மழை பெய்தால் ரோடு எது, சாக்கடை எது என்று தெரிவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் போகிறார்கள். மூடி போட்டுத் தர வேண்டுகிறோம்." கூடவே ஒரு போட்டோ, அந்தத் தெருக்காரர்களின் கையெழுத்து.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை மண்டல அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சாக்கடை, ரோடு என்றால் உதவிப் பொறியாளர். குப்பை, கொசு என்றால் சுகாதார ஆய்வாளர். சில சமயம் "இது ஹைவேஸ் ரோடுங்க, எங்க கையில இல்ல" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு, அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று. அதற்கும் பதில் இல்லையா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வையுங்கள். மனு கொடுக்கப் போகும்போது பாதிக்கப்பட்டவரையும் கூட்டிப் போய் அவரையே பேச விடுங்கள். நீங்களே பேசினால் அதிகாரிக்கு உங்களைத் தெரியும். பாதிக்கப்பட்டவர் பேசினால் தெருவுக்கே உங்களைத் தெரியும்.

3. கூட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்

மூக்கனேரியை மீட்கும் வேலையில் சேலம் மக்கள் குழு இறங்கியபோது அதில் யாரும் கவுன்சிலராக இருந்தாக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தில் சேருங்கள். வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். அந்தச் சபைகளின் பிரதிநிதிகள் இருக்கும் வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர் என்பதால், அந்த நாற்காலியின் வேலை என்ன என்று அங்கேயே பார்த்துவிடலாம். ஆட்களைச் சந்திக்கவும் நேரம் காலம் உண்டு. தறி ஓடும்போது போனால் நீங்கள் பேசுவது காதிலேயே விழாது. கொலுசுப் பட்டறைக்காரர்களைச் சாயங்காலம் டீக்கடையில் பிடிப்பது சுலபம்.

4. கட்சியா, சுயேச்சையா?

கவுன்சிலர் தேர்தல் கட்சிச் சின்னத்தில்தான் நடக்கிறது. மேயரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் கட்சி பலம் பெரிய விஷயம். ஆனால் சீட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். சுயேச்சை என்றால் "ஜெயிச்சாலும் உங்க பேச்சை யாருங்க கேப்பாங்க?" என்பதுதான் வாசலில் வரும் முதல் கேள்வி. பதவி இல்லாமலே வேலை நடந்த மனுக்கள் உங்கள் நோட்டில் இருந்தால் தாராளமாக நில்லுங்கள். வெறும் கோபம் மட்டும் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்பேன்.

5. சட்டப்படி வேண்டியவை

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கியை முதலில் கட்டி முடியுங்கள். மாநகராட்சியில் கான்ட்ராக்ட் எடுத்திருந்தால் அது சிக்கல்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. உங்கள் வார்டு பெண்கள் வார்டாக அறிவிக்கப்பட்டால், மனைவியை நிறுத்திவிட்டுப் பின்னால் நீங்கள் ஓட்டுவது என்ற அந்தப் பழைய வித்தை வேண்டாம். மனு கொடுக்க உங்களோடு வந்த பெண்களில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள்.

2022-ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது போய்விடும். பிரச்சாரம் தொடங்கும் நாளிலிருந்தே டீச் செலவு, ஆட்டோ வாடகை வரை பில்லோடு எழுதி வையுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவர்களும்தான். கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை வரலாம்.