கண்ணாடி மணிகளுக்குள் உலரும் நீரைக் காந்த ஒத்ததிர்வால் பின்தொடர்வது எப்படி?

ஈரமான செங்கல்லைத் தராசில் வைத்தால் எவ்வளவு நீர் ஆவியாயிற்று என்பது தெரியும். எஞ்சிய நீர் எந்த ஆழத்தில், எத்தகைய துளையில் தங்கியிருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது. பொருளை உடைக்காமலே அதைச் சொல்லக்கூடியது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையின் தொடக்க உயரம் நீரின் அளவையும், அது தேய்ந்து மறையும் வேகம் துளையின் பருமனையும் காட்டும். இதற்குப் பெரிய மீக்கடத்துக் காந்தம் தேவையில்லை, 0.47 டெஸ்லா புலத்தில், 20 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மேசைக் கருவியே போதும்.

முதன்முறை செய்பவர்கள் 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணிகளில் தொடங்குவது நல்லது. சுமார் 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் முதலில் நீரை ஊற்றி, மணிகளைச் சிறிது சிறிதாகத் தூவி, ஒவ்வொரு முறையும் குழாயின் பக்கத்தை விரலால் மெல்லத் தட்டவேண்டும். உலர்ந்த மணிகளின்மேல் நீரை ஊற்றினால் நடுவே காற்றுக்குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். அவை பிறகு உலர்ந்த பகுதியைப் போலவே தோற்றமளித்து நம்மை ஏமாற்றும். மணிகள் 20 மில்லிமீட்டர் உயரம் நிறைந்ததும் மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டால், உள்ளே ஏறத்தாழ 0.4 கிராம் நீர் இருக்கும். கல்லையோ செங்கல்லையோ ஆராய்பவர்கள் மேற்பரப்பை மட்டும் திறந்துவிட்டுப் பக்கங்களை டெஃப்லான் நாடாவால் சுற்றலாம்; டெஃப்லானில் ஹைட்ரஜன் இல்லாததால் அது நீரின் சமிக்ஞையோடு கலக்காது.

மணிகளுக்கு மேலே குழாய் நீண்டிருந்தால், அங்கே தேங்கும் ஈரக்காற்றே உலர்தலைத் தடுத்துவிடும். ஆகவே மெல்லிய குழல் வழியாக உலர்காற்றை மேற்பரப்புக்கு அருகில் சீராகச் செலுத்தவேண்டும். வெப்பநிலையும் மாறக்கூடாது. அறை வெப்பநிலையில் மாதிரியின் சூடு ஒரு பாகை கூடினாலே சமிக்ஞை ஏறத்தாழ 0.3 சதவீதம் குறைந்துவிடும்.

அளவீட்டுக்குச் சி.பி.எம்.ஜி. துடிப்புத் தொடரைப் பயன்படுத்துங்கள்; இதில் ரேடியோ துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தி, அவற்றுக்கிடையே ‘எதிரொலி’யாகத் திரும்ப எழும் சமிக்ஞையை அளக்கிறோம். கார், பர்செல் ஆகியோர் 1954இல் வகுத்த முறையை மெய்பூம், கில் ஆகியோர் 1958இல் செம்மைப்படுத்தியதன் பயனே அது. துளைச்சுவரின் தாக்கமில்லாத தனிநீரின் தளர்வு நேரம், அதாவது துடிப்பால் கலைந்த அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம், இரண்டு மூன்று வினாடிகள் வரை நீள்வதால், ஒரு தொடருக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 15 வினாடிகள் காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டு இந்த இடைவெளியைக் குறைத்தால் ஈரமான கட்டத்தில் மட்டும் சமிக்ஞை குறைந்து பதிவாகி, உலர்தல் வளைகோட்டின் வடிவமே பிழையாகிவிடும்.

இந்த முறையின் உண்மையான பயன் டி2 தளர்வு நேரத்தில், அதாவது எதிரொலிகள் தேய்ந்து மறைய ஆகும் நேரத்தில் இருக்கிறது. துளைச்சுவரைத் தொடும் நீர் விரைவில் தளர்கிறது; துளைக்குள் நீர் மூலக்கூறுகள் போதிய வேகத்தில் விரவும்போது, சுவரின் பரப்பை நீரின் கனஅளவால் வகுத்துவரும் விகிதமே தளர்வின் வேகத்தை முடிவுசெய்கிறது என்பதை பிரவுன்ஸ்டீன், டார் ஆகியோர் 1979இல் தெளிவாக்கினர். இதைக்கொண்டு இருவகை உலர்தலைப் பிரித்தறியலாம். சில துளைகள் முழுதும் காலியாகி மற்றவை நிறைந்தே இருந்தால், சமிக்ஞையின் உயரம் குறையுமே தவிர டி2 ஏறத்தாழ அப்படியே நிற்கும். மாறாக, ஒவ்வொரு துளையிலும் நீர் சுவரோடு ஒட்டிய மென்படலமாக மெலிந்துகொண்டே போனால், தொடும் பரப்பு மாறாமல் கனஅளவு மட்டும் சுருங்குவதால், நீர் பாதியாகும்போது டி2வும் ஏறத்தாழ பாதியாகும். தராசில் இவ்விரண்டும் ஒரே எடையிழப்பாகத்தான் தெரியும். ஒரு நுண்துளைப் பொருளுக்குள் நடப்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் வேறு எளிய அளவீட்டை நான் பயன்படுத்தியதில்லை.

கருவியில் புலச்சரிவு வசதி, அதாவது காந்தப்புலத்தை உயரத்துக்கேற்பச் சீராக மாற்றும் வசதி இருந்தால், நீர் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் வரைந்துவிடலாம். 0.2 மில்லிமீட்டர் மணிகளில் நுண்புழை ஈர்ப்பு 20 மில்லிமீட்டர் உயரத்தை எளிதாகத் தாங்குமாதலால், அடியிலுள்ள நீர் மேலே ஏறி ஆவியாகிக்கொண்டே இருக்கும். வரைகோடு நெடுநேரம் மட்டமாகவே தாழ்ந்து வரும். ஈரத்தின் தொடர்ச்சி அறுந்து உலர்ந்த அடுக்கு உருவாகும்போதுதான் மேல்முனையில் சரிவு தோன்றும்.

சுட்ட செங்கல்லில் இரும்பு கலந்திருப்பதால் டி2 மிகவும் குறுகும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் பெல், கோப்பிங்கா ஆகியோர் 1990களில் செங்கல்லின் ஈரப்பரவலை அளந்தபோது, அதற்கென்றே தனிக்கருவி அமைக்க நேர்ந்தது. அத்தகைய பொருளில் எதிரொலி இடைவெளியைக் கருவி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறகு குழாயை எடுத்துத் தராசில் எடைபார்த்து, எடைக்கு எதிராகச் சமிக்ஞையை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். முற்றிலும் உலர்ந்த மாதிரியின் பின்னணிச் சமிக்ஞையைக் கழித்தபின், புள்ளிகள் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோட்டில் அமையவேண்டும். நீர் குறைந்த முனையில் அவை கோட்டுக்குக் கீழே விழுந்தால், முதல் எதிரொலி வருமுன்பே ஒரு பகுதி நீர் தளர்ந்து மறைந்துவிடுகிறது. எதிரொலி இடைவெளியை மேலும் குறைத்து, புதிதாக நிறைத்த மாதிரியோடு மறுபடி தொடங்குங்கள்.