மாதக் கடைசி அண்டா: டர்பனில் பசித்தவருக்கு ஊழியம் தொடங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஏழைகளுக்கு ஊழியம் செய்யக் கர்த்தர் பாரம் தந்திருக்கிறார் என்று வருகிறவர்கள் பலர், கையோடு ஊழியத்தின் பெயரையும் டீ-ஷர்ட்டின் நிறத்தையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அழைப்பு உண்மைதானா என்று ஜெபத்தில் கேட்கிறபோது காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழையானாலும் கல்யாண வீடானாலும், வருடம் முழுக்க, மாதத்தில் எத்தனை சனிக்கிழமை உங்களால் வர முடியும்? ஒன்றுதான் முடியுமென்றால் ஒன்றோடு தொடங்குங்கள். நாலு என்று அறிவித்துவிட்டு மூன்றாம் வாரம் கேட்டைப் பூட்டி வைத்தால், பீனிக்ஸ் குடியிருப்பின் மறுகோடியிலிருந்து டாக்சிக்குக் காசில்லாமல் நடந்து வந்த கிழவி வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

முதல் மூன்று மாதம் சொந்த அடுப்பே வேண்டாம். ஏற்கெனவே நடக்கிற அடுப்பில் போய் வெங்காயம் உரியுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் சபைகள் மட்டுமா சமைக்கின்றன? மாரியம்மன் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றுகிறார்கள், மசூதிகளிலும் சமைத்துக் கொடுக்கிறார்கள். நூறு பேருக்குச் சமைக்கும் கணக்கு அந்த அண்டாக்காரர்களிடம்தான் இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள், அண்டாவையே இரவல் கொடுப்பார்கள். எந்தத் தெருவில் எந்த நாளில் யார் சாப்பாடு போடுகிறார்கள் என்பதும் அங்கே தெரிந்துவிடும். ஒரே சனிக்கிழமையில் ஒரே ஃபிளாட் வரிசைக்கு மூன்று சபைகள் போய் நிற்பதும், செவ்வாய்க்கிழமை அங்கே யாரும் எட்டிப்பார்க்காததும் இங்கே வழக்கமான கூத்து.

எந்த நாள் என்பதைப் பசி சொல்லட்டும். அரசின் சமூக உதவி நிறுவனமான சாஸா தரும் உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வந்துவிடுகிறது. முதலில் முதியோருக்கு, அடுத்த நாள் ஊனமுற்றோருக்கு, அதற்கடுத்து குழந்தைகளுக்கு என்று வரிசையாகப் போடுகிறார்கள். அந்த வாரம் கூட்டம் குறையும், சாப்பாடு மிஞ்சும். இருபதாம் தேதிக்குமேல் வீடுகளில் மீலி மாவு (சோள மாவு) தீர்ந்துபோகும். மாதம் ஒருமுறைதான் முடியுமென்றால் கடைசிச் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் சாப்பாடு கிடைக்கிற பிள்ளைகளுக்கு டிசம்பர், ஜனவரி விடுமுறை கடினமான காலம். சபைகள் கிறிஸ்துமஸ் விருந்து முடித்து ஓய்வெடுப்பதும் அப்போதுதான்.

பந்தியில் யார் நிற்பது

இதற்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத்தான் எடுக்க வேண்டும். எருசலேம் சபையில் தினசரிப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போது தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைப் பிரசங்கத்தில் அதிகம் சொல்வதில்லை. யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையில் கரண்டி போனது. டர்பனில் வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் ஜூலு பேசுகிறவர்கள். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் நம்மவர்களாக இருந்தால் தெரிந்த முகத்துக்கு அகப்பை தன்னால் ஆழமாக இறங்கும். வரிசையில் வருகிறவர்களிலேயே இரண்டு மூன்று பேரைப் பரிமாறக் கேளுங்கள். அதே அதிகாரம் சொல்கிறபடி பாஸ்டரை அடுப்பிலிருந்து விலக்கியும் வையுங்கள். அவர் வந்து ஜெபித்துவிட்டுப் போகட்டும். வரிசையை அவர் நடத்தினால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால்தான் சனிக்கிழமை சோறு என்று ஜனங்கள் எண்ணிவிடுவார்கள். அப்படி ஒரு நிபந்தனையை வாயால் சொல்லவே வேண்டியதில்லை, துண்டுப்பிரதியைத் தட்டின்மேல் வைத்துக் கொடுத்தாலே போதும். பிரதிகளை வேண்டுமானால் ஓரமாக ஒரு மேசையில் வையுங்கள்.

நூறு பேருக்குப் பருப்புப் பிரியாணி

இந்துக்களும் முஸ்லிம்களும் புரட்டாசி விரதக்காரர்களும் தயங்காமல் சாப்பிடக்கூடியது பருப்புப் பிரியாணி. இறைச்சி நன்கொடை வந்தாலும் தொடக்கத்தில் வாங்காதீர்கள். எந்த ஃபிரிட்ஜில் எவ்வளவு நேரம் கிடந்தது, ஹலாலா என்ற கேள்விகளுக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

புழுங்கலரிசி 8 கிலோ, தோலோடு கூடிய முழு மசூர் 3 கிலோ, உருளைக்கிழங்கு 8 கிலோ, வெங்காயம் 3 கிலோ, தக்காளி 2 கிலோ, எண்ணெய் 2 லிட்டர். உப்பு மொத்தத்தில் 350 கிராம் பக்கம். அரிசி வெந்த தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும், அதனால் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். ஆளுக்கு ஏறக்குறைய 350 கிராம் சாப்பாடு வரும். 80 லிட்டர் அண்டா ஒன்றைவிட 40 லிட்டர் அண்டா இரண்டு நல்லது. ஆழம் கூடினால் அடி பிடிக்கும், நடு வேகாது, தூக்குவதற்கும் நாலு ஆள் வேண்டும்.

மசூரையும் கிழங்கையும் தனித்தனியே முக்கால் பதத்துக்குமேல் வேகவைத்துக்கொள்ளுங்கள். வேகாத கிழங்கைத் தக்காளி மசாலாவில் போட்டால் புளிப்பு அதை விறைப்பாக்கிவிடும், ஒரு மணி நேரம் தம் போட்டாலும் நடுவில் கடிபடும். மசூருக்கும் அதே கதைதான். அரிசியை உப்புத் தண்ணீரில் முக்கால் பதத்தில் வடித்து, சூடாக இருக்கும்போதே அடுக்குங்கள். ஆறிய சோற்றை அடுக்கினால் அண்டாவின் நடுப்பகுதிக்குச் சூடு ஏற வெகுநேரமாகும். மூடிக்கு ஈரத்துணி சுற்றி, அண்டாவுக்கடியில் இரும்புத் தகடு வைத்து, சிறுதீயில் 40 நிமிடம். மதியம் 12 மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால் காலை 7 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும்.

கேஸ் சிலிண்டர் இரண்டு இருக்கட்டும். 9 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னரை நெடுநேரம் முழுத் தீயில் வைத்தால் சிலிண்டர் குளிர்ந்து, உள்ளே கேஸ் இருக்கும்போதே தீ இறங்கிவிடும். கேஸ் தீர்ந்துபோச்சென்று பதறி அதைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பரிமாறி முடியும்வரை சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. மாமிச வெப்பமானி ஒன்று வாங்கி நடுவில் குத்திப் பாருங்கள். பிப்ரவரி வெக்கையில் வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரம் கிடந்த சோற்றைக் கொட்டிவிட வேண்டியதுதான். அதில் வளரும் கிருமியின் விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவருகிறோம் என்று சொல்கிறவர்களை மறுப்பதற்கும் இதுதான் காரணம். யார் எப்போது அடுப்பை அணைத்தார்கள் என்று தெரியாது. அவர்களிடம் வெங்காயமாகவும் எண்ணெயாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். கேரட் சாலட் இல்லாமல் பிரியாணியா என்று ஆன்ட்டிமார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பச்சைக் காய்கறியை நூறு பேருக்குச் சுத்தமாகக் கழுவ முற்றத்துக் குழாய் போதாது.

குளிர்காலத்தில் பீன்ஸ் பன்னி, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி ஊற்றிக் கொடுப்பது, இன்னும் சுலபம். ஆளுக்குக் கால் ரொட்டி வீதம் 25 ரொட்டி, உலர்ந்த சுகர் பீன்ஸ் 6 கிலோ. தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பீன்ஸை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதிக்காமல் சிறுதீயில் வெந்த பீன்ஸ் வயிற்றைப் புரட்டும்.

ஒரே இடத்தில் தொடர்ந்து சமைப்பதானால், அதற்குத் தகுதிச் சான்று வேண்டுமா என்று டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் சுகாதார அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். புகார் வந்தபிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வீட்டுக்குக் கொடுக்கும் ஹேம்பர்

வழக்கமான ஹேம்பரில், அதாவது மளிகைப் பொதியில், ஐந்து கிலோ சீனி இருக்கும். நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். சீனியை ஒரு கிலோவாகக் குறைத்து அந்தக் காசுக்குப் பருப்பு, பில்சார்ட்ஸ் மீன் டின், எண்ணெய் போடுங்கள். மின்சாரம் வெட்டப்பட்ட வீட்டுக்கு உலர்ந்த பீன்ஸ் கொடுத்துப் பயனில்லை, டின் பீன்ஸ் கொடுங்கள். சோப்பும் மாதவிடாய் பேடும் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காமலே வையுங்கள். ஹேம்பரோடு நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாதென்று படித்துவிட்டு ஃபேஸ்புக்கில் போடுவது எப்படி? பெயரும் அடையாள எண்ணும் எழுதிய நோட்டைப் பூட்டி வைக்கச் சட்டமும் சொல்கிறது.

ஹேம்பரைவிடப் பெரிய உதவி ஒரு காகிதமாக இருக்கலாம். பிறப்புச் சான்று இல்லாததால் குழந்தைக்கு உதவித்தொகை கேட்காமலே இருக்கிற தாய்மார் உண்டு. உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, காவல் நிலையத்தில் அதில் முத்திரை போடக் காசு வாங்க மாட்டார்கள். சாஸா அலுவலகத்துக்குக் கூடப் போய் உட்காருங்கள். சாஸாவின் இலவச எண் 0800 60 10 11. கடன் கொடுத்த மாஷோனிசா (வட்டிக்காரர்) ஒருவரின் சாஸா கார்டையும் பின் எண்ணையும் வாங்கி வைத்திருந்தால் அது குற்றம். கடன் பாக்கி இருந்தாலும் குற்றம்தான்.

எல்லைகள்

பணம் கையில் கொடுக்காதீர்கள். ஷுகர்ஸ் என்ற போதைப்பொருளுக்கு அடிமையான பையனை ஜெப அறையில் வைத்துப் பூட்டி மாற்றிவிடலாம் என்று துணியாதீர்கள். பதிவில்லாமல் மறுவாழ்வு மையம் நடத்துவது 2008-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையில்லாமல் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். காசநோய், எச்ஐவி, சர்க்கரை மாத்திரைகளை விசுவாசத்தால் நிறுத்து என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் அன்றைக்கே அவரை விலக்குங்கள். சுகத்துக்காக ஜெபியுங்கள், மாத்திரை வாங்க ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிக்கு வண்டியும் ஓட்டுங்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவம் 30-ஐ நிரப்பி அனுப்புங்கள், மூப்பருக்கும் பாஸ்டரின் மகனுக்கும் சேர்த்தே. பெண்களை அடிக்கிற வீடென்று தெரிந்தால் 0800 428 428 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். புருஷனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச முந்தாதீர்கள், கேட்ட சேதி அடியாகத் திரும்பும்.

பணக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, அவை ஒரே வீட்டுக் கையெழுத்தாக இருக்கக் கூடாது. ஒரு வருடம் ஓடியபின் சமூக மேம்பாட்டுத் துறையில் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யலாம், கட்டணமில்லை. அமைப்பு விதிகள் எழுத்தில் வேண்டும். நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகலாம். பெயர், லோகோவெல்லாம் அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இனி வரிசையின் கடைசி ஆள். அண்டா காலியாகும்போது இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள், இது நடக்கும். நூற்றுக்குச் சமைத்தால் தொண்ணூறு சீட்டுதான் கொடுங்கள், மீதி பத்தும் சீட்டில்லாமல் வருகிறவர்களுக்கு. அதற்குமேல் வந்தால் கொடுக்க ரொட்டியும் பீநட் பட்டரும் பெட்டியில் இருக்கட்டும். உங்கள் குழு கடைசியாகச் சாப்பிட வேண்டும், அதுவும் வரிசை கலைந்தபிறகு.