பொய்யை மட்டும் தேடாதீர்கள்

ஒரு பேச்சோ விளம்பரமோ நம்மை இழுக்கப் பார்க்கிறது என்றால், அதில் பொய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது என்பது மும்பைத் தமிழர்களுக்குப் பழைய பாடம். 1960களில், பிறகு சிவசேனா கட்சியைத் தொடங்கிய பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், நிறுவனங்களில் உயர் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. கற்பனைப் பெயர்கள் அல்ல. ஆனால் தாராவித் தோல் பட்டறைகளில் கூலிக்கு உழைத்த திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வேலை கிடைக்காத மராத்தி இளைஞரின் ஆதங்கமும் உண்மைதான். இந்த இரண்டு உண்மைகளையும் முடிச்சுப் போட்டுத்தான் தென்னிந்தியர்களை விரட்டச் சொன்ன 'லுங்கி ஹடாவ்' (லுங்கியை அகற்று) கோஷம் எடுபட்டது. 1966ல் தொடங்கிய சிவசேனா, 1968 மும்பை மாநகராட்சித் தேர்தலிலேயே 42 இடங்களைப் பிடித்தது.

பங்குச் சந்தையிலும் இதே கதைதான். வாட்ஸ்அப் குழுவில் வரும் லாப ஸ்கிரீன்ஷாட் அசலாகவே இருக்கலாம். நட்டப்பட்டவர் ஸ்கிரீன்ஷாட் போடுவதில்லை, அவ்வளவுதான். தாராவிக்குப் பக்கத்திலேயே, பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024ல் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (பங்குகளின் பிற்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகச் சொன்னது. ஆளுக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய்.

அப்புறம், "நம்ம ஊர்க்காரர் சொன்னார்" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்வது. மும்பைத் தமிழர்கள் வாழும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேலை, வாடகை வீடு, சீட்டு என்று எத்தனையோ காரியங்கள் ஊர்ப் பழக்கத்தில்தான் நடந்திருக்கின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அண்ணாச்சி நல்லவர் என்பது வேறு, அவர் காதுக்கு வந்த தகவல் சரி என்பது வேறு. பெரும்பாலும் அவரும் நம்பித்தான் பணம் போட்டிருப்பார். சில சமயம் கமிஷனும் உண்டு. "என்னைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும் அண்ணாச்சி?" என்று நேராகவே கேட்கலாம். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில். ஆலோசகர் என்று சொல்பவரின் பதிவு எண்ணை செபி இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

இதெல்லாம் படிக்காத ஜனங்களிடம்தான் செல்லும் என்ற நினைப்பும் வேண்டாம். பிரசாரம் அடுத்தவரைத்தான் மாற்றும், தன்னை அல்ல என்று நினைக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983லேயே எழுதிவிட்டார்.

கடைசியாக, அவசரம். 'சலுகை இன்று நள்ளிரவு வரை' என்றால் மறுநாள் காலையில் முடிவெடுங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே மேடைப் பிரசாரம் ஓய்ந்துவிடும், ஃபார்வர்டுகள் ஓயாது. அந்த இரண்டு நாளில் வரும் 'அதிர்ச்சித் தகவல்' எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.